பழைய எக்ஸ்பி கணினி புதிய யூஎஸ்பி மவுஸை அடையாளம் காணவில்லை: என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய மேசைக் கணினி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் தந்தை, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த பாடக் குறிப்புகளும் கட்டுரைகளும் அதில்தான் உள்ளன. அந்த எழுத்துருவும் அதற்குரிய தட்டச்சு மென்பொருளும் அந்தக் கணினியில் மட்டுமே ஒழுங்காக இயங்குவதால் அவர் வேறு கணினிக்கு மாற மறுக்கிறார். எனவே, “புதிது வாங்குங்கள்” என்ற ஆலோசனை எங்களுக்குப் பயன்படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதனுடன் வந்த, பச்சை நிற வட்டச் செருகியுள்ள உருண்டை மவுஸ் அண்மையில் செயலிழந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சாதாரணக் கம்பி வைத்த யூஎஸ்பி மவுஸ் ஒன்றை வாங்கினேன். கணினியின் பின்புறம் செருகினால் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் திரையில் அம்புக்குறி அசைவதில்லை, புதிய சாதனம் கண்டறியப்பட்டதாக எந்த அறிவிப்பும் வருவதில்லை. கடையில் கொடுத்த பச்சை நிற அடாப்டரை மாட்டிப் பழைய வட்டப் போர்ட்டில் செருகிப் பார்த்தும் பலனில்லை. இதே மவுஸ் என் மடிக்கணினியில் நன்றாக வேலை செய்கிறது. கீபோர்டு ஊதா நிற வட்டப் போர்ட்டில் உள்ளது. அதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு விவரம்: காலையில் கணினியைப் போட்டால் கருந்திரையில் “சிமாஸ் செக்சம் எரர், டீஃபால்ட்ஸ் லோடட்” என்று வருகிறது, எஃப்1 அழுத்தினால்தான் மேலே செல்கிறது. தேதியும் 2002 என்று காட்டுகிறது. இதற்கும் மவுஸுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. முழு விவரமும் இருக்கட்டும் என்று குறிப்பிடுகிறேன்.

தெம்பனிஸ் தமிழன்

அந்தக் காலத்துக் கணினியில் யூஎஸ்பி 1.1தான் இருக்கும். இப்போது விற்கும் மவுஸ்கள் எல்லாம் யூஎஸ்பி 2.0, அதனால்தான் அடையாளம் காணவில்லை என்று நினைக்கிறேன். எக்ஸ்பியை மறுபடியும் நிறுவிப் பார்த்தால் ஒருவேளை சரியாகலாம்.

பழுதுநோக்கி

நண்பர் தெம்பனிஸ் தமிழன் மன்னிக்க வேண்டும், யூஎஸ்பி 1.1 இங்கே காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சாதாரண மவுஸ் அனுப்புகிற தகவல் மிகச் சொற்பம். 1996இல் வந்த முதல் யூஎஸ்பி வரையறையிலேயே மவுஸ், கீபோர்டு போன்றவற்றுக்கென நொடிக்கு 1.5 மெகாபிட் என்ற மெதுவேகம் ஒதுக்கப்பட்டது. பெட்டியின் மேல் 2.0 என்று அச்சிட்டிருந்தாலும் இன்றைய கம்பி மவுஸ்களில் பெரும்பாலானவை அந்த வேகத்திலேதான் பேசுகின்றன. எக்ஸ்பியை மறுபடி நிறுவுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய எழுத்துருவும் தட்டச்சு மென்பொருளும் அதோடு போய்விடக்கூடும். அவற்றின் நிறுவல் வட்டு கையில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

முதலில் பச்சை அடாப்டரை ஒதுக்கிவைத்துவிடுங்கள். அதற்குள் எந்த மின்னணுச் சுற்றும் கிடையாது. யூஎஸ்பியின் நான்கு கம்பிகளை வட்டச் செருகியின் முனைகளுக்கு இணைத்துவிடுகிறது, அவ்வளவுதான். மொழிமாற்றம் செய்ய வேண்டியது மவுஸுக்குள் இருக்கும் சில்லு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் விற்ற மவுஸ்கள் பலவற்றில் யூஎஸ்பி, பிஎஸ்/2 (பழைய வட்டப் போர்ட்டின் முறை) ஆகிய இரண்டு முறைகளும் இருந்தன. எந்த வகைப் போர்ட்டில் இருக்கிறோம் என்பதை அவை தாமாகவே உணர்ந்து மாறிக்கொள்ளும். அப்படிப்பட்ட மவுஸோடு பெட்டியில் வந்த அடாப்டர்தான் இன்று தனியாக விற்கப்படுகிறது. யூஎஸ்பி மட்டுமே தெரிந்த இன்றைய மவுஸில் அதை மாட்டினால், எத்தனை முறை செருகினாலும் கணினிக்கு ஒன்றும் கேட்காது. இதைச் சொல்லாமல் அடாப்டரை விற்கும் கடைக்காரர்கள்மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

அடுத்து, விளக்கு எரிவதை வைத்து யூஎஸ்பி போர்ட் நலமாக உள்ளது என்று முடிவு கட்ட வேண்டாம். போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்த மின்சாரம் மின்வழங்கியிலிருந்து நேராக வருகிறது. தகவல் பரிமாற்றத்தைக் கவனிக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் அணைக்கப்பட்டிருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும்.

உங்கள் கடைசிப் பத்திதான் என் கண்ணில் பட்டது. அந்தக் கருந்திரைச் செய்தியும் பழைய தேதியும் மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில், இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டதைக் காட்டுகின்றன. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்புகளைக் கணினி அணைந்திருக்கும்போது காத்துவைப்பது அந்தப் பேட்டரி. அது தீர்ந்தால், யாரோ எப்போதோ செய்துவைத்த அமைப்புகள் அழிந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். அக்காலத்து மதர்போர்டுகள் சிலவற்றில் அந்தத் தொடக்க நிலையிலேயே யூஎஸ்பி கன்ட்ரோலர் அணைக்கப்பட்டிருக்கும். பிஎஸ்/2 மவுஸ் வேலை செய்த வரையில் இதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை.

இது ஊகம்தான், உறுதி செய்ய எளிய வழி உண்டு. விண்டோஸ் விசையோடு பாஸ் பிரேக் (Pause Break) விசையை அழுத்தினால் சிஸ்டம் ப்ராப்பர்டீஸ் திறக்கும். கன்ட்ரோல், டாப் (Tab) விசைகளைச் சேர்த்து அழுத்தி ஹார்ட்வேர் பக்கத்துக்குச் சென்று, டாப் விசையால் டிவைஸ் மேனேஜர் பொத்தானை அடைந்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் கீழ்நோக்கிச் செல்லுங்கள்.

“யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்” என்ற பிரிவே இல்லையென்றால் பயாஸில் யூஎஸ்பி அணைக்கப்பட்டிருக்கிறது. பிரிவு இருந்து மஞ்சள் நிற வியப்புக்குறி தெரிந்தால் மதர்போர்டின் டிரைவர் (அதை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பழுதாகியிருக்கிறது. பிரிவு குறையின்றி இருந்தும், மவுஸைச் செருகும்போது பட்டியல் சற்றும் அசையவில்லையென்றால் அந்தப் போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில், ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செருகாமல் கிடந்த போர்ட்டின் உலோக முனைகளில் பச்சை பூத்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எது தெரிகிறது என்று எழுதுங்கள். அதற்கு முன் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

ஜூரோங் மேற்கு

பழுதுநோக்கி ஐயா சொன்னவற்றோடு சில செய்திகளைச் சேர்க்கிறேன். டிவைஸ் மேனேஜரை விசைகளாலேயே சுற்றிவருவது சிரமமாக இருந்தால், இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி என்டர் தட்டுங்கள். அதன்பின் கீபோர்டின் வலப்பக்க எண் விசைகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். 5 அழுத்தினால் சொடுக்கு. வேகம் குறைவுதான் என்றாலும் உங்கள் தந்தை அதுவரை கோப்புகளைத் திறந்து பார்க்கவாவது முடியும்.

வட்டப் போர்ட்டில் எதையும் செருகுவதோ பிடுங்குவதோ கணினி அணைந்திருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். ஐபிஎம் 1987இல் அறிமுகப்படுத்திய அந்தப் போர்ட், ஓடும் கணினியில் மாற்றுவதற்கென வடிவமைக்கப்பட்டதன்று. இயங்கும்போது செருகினால் பெரும்பாலும் மவுஸ் தெரியாது. கெட்ட நேரமாக இருந்தால் மதர்போர்டில் அந்தப் பகுதியே எரிந்துபோகும். இன்னொன்று, பழைய உருண்டை மவுஸ் உண்மையிலேயே செத்துவிட்டதா? உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கு அம்புக்குறியைத் தாறுமாறாகக் குதிக்கவைக்கும். ஆனால் முற்றிலும் அசைவில்லை என்றால் பெரும்பாலும் கம்பி அறுந்திருக்கும், அதைச் சுத்தம் செய்து பயனில்லை.

யூஎஸ்பி எவ்விதத்திலும் உயிர்பெறாவிட்டால், பச்சைச் செருகியோடு கூடிய அசல் பிஎஸ்/2 மவுஸ் இன்றும் கிடைக்கிறது. சிம் லிம் சதுக்கத்தின் மேல்மாடிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கு இல்லையென்றால் கேரசல் தளத்தில் பழைய அலுவலகச் சரக்காக விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது செருகியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி மவுஸில் அதே பச்சை அடாப்டரை மாட்டிப் பிஎஸ்/2 என்று விற்பவர்களும் உண்டு.

ஈசூன்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன். யூஎஸ்பிக்கென ஒரு பிரிவே இல்லை. “மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்” என்ற பிரிவும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்? பேட்டரியை நானே மாற்றலாமா?

பழுதுநோக்கி

தாராளமாக மாற்றலாம். சுவர் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் மின்கம்பியையே பிடுங்கிவிடுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிடுங்கள். பேட்டரி ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் குறைந்த அகலத்தில் படுத்த நிலையில் இருக்கும். ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் அது தானாக மேலெழும். நெம்பி எடுக்கக் கூடாது, தாங்கி உடைந்தால் வேலை பெரிதாகிவிடும். புதிய சிஆர்2032 பேட்டரியின் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள்.

பிறகு கணினியைப் போட்டதும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். சில நிறுவனங்களின் கணினிகளில் எஃப்2. நீங்கள் குறிப்பிட்ட செய்தியின் வாசகத்தைப் பார்த்தால் அவார்டு பயாஸ் போலத் தெரிகிறது. அதில் “இன்டக்ரேட்டட் பெரிஃபெரல்ஸ்” என்ற பக்கத்திலோ அதன் உட்பக்கத்திலோ “யூஎஸ்பி கன்ட்ரோலர்” என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள்டு ஆக்குங்கள். அருகிலேயே “யூஎஸ்பி மவுஸ் சப்போர்ட்” என்று இன்னொரு வரி இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். யூஎஸ்பி அறியாத டாஸ் போன்ற அமைப்புகளிடம் யூஎஸ்பி மவுஸைப் பிஎஸ்/2 மவுஸ் போலக் காட்டுவதற்கானது அது, எக்ஸ்பிக்குத் தேவையில்லை. தேதியையும் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியேறுங்கள். ஹார்டு டிஸ்க் தொடர்பான எந்த வரியையும் தொடாதீர்கள்.

ஈசூன்வாசி

வேலை செய்கிறது! “ஆன்சிப் யூஎஸ்பி கன்ட்ரோலர்” என்ற வரி டிஸேபிள்டு என்றுதான் இருந்தது. மாற்றிய பின் எக்ஸ்பி திறந்ததும் முதலில் யூஎஸ்பி ரூட் ஹப் என்ற அறிவிப்பு அடுத்தடுத்து வந்தது. பின்னர் “ஹெச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்” என்று காட்டிவிட்டு அம்புக்குறி நகரத் தொடங்கியது. குறுந்தட்டு எதையும் கேட்கவில்லை. கருந்திரைச் செய்தியும் இப்போது வருவதில்லை. அப்பா புதிய மவுஸ் மிகவும் லேசாக இருக்கிறது என்று மட்டும் குறைபட்டுக்கொள்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம்: முன்புறம் உள்ள இரண்டு யூஎஸ்பி போர்ட்டுகளில் மவுஸைச் செருகினால் விளக்குகூட எரிவதில்லை. இதையும் பயாஸில் மாற்ற முடியுமா?

பழுதுநோக்கி

மகிழ்ச்சி. மவுஸின் டிரைவர் எக்ஸ்பியோடு சேர்ந்தே வருவதால்தான் குறுந்தட்டு தேவைப்படவில்லை.

முன்புறத்தில் விளக்கே எரியவில்லையென்றால் அது பயாஸ் விவகாரமன்று, அங்கே 5 வோல்ட் வந்து சேரவில்லை. முன்புறப் போர்ட்டுகளிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் கம்பி கழன்றிருக்கலாம்; அல்லது கணினியைப் பூட்டியவர் அதை இணைக்காமலே விட்டிருக்கலாம், அப்படியும் பலர் செய்வார்கள். அக்காலத்துப் பெட்டிகளில் அந்த இணைப்பு ஒரே செருகியாக இல்லாமல் தனித்தனிக் கம்பிகளாக வரும். மதர்போர்டின் கையேடு இல்லாமல் வரிசை மாற்றிச் செருகினால் செருகிய சாதனமும் போர்ட்டும் கெட்டுவிடும். பின்புறப் போர்ட்டுகளில் ஒன்று மவுஸுக்கும் இன்னொன்று தம்ப்டிரைவுக்கும் போதும் என்றால் முன்புறத்தைத் தொட வேண்டாம்.

யூஎஸ்பி உயிர்பெற்றுவிட்டதால் உடனே ஒரு தம்ப்டிரைவைச் செருகி, உங்கள் தந்தையின் கோப்புகளை எழுத்துருக் கோப்போடு சேர்த்துப் படியெடுத்துவிடுங்கள். நண்பர் சொன்னதுபோல் யூஎஸ்பி 1.1 ஆக இருந்தால் நொடிக்கு ஒரு மெகாபைட் அளவில்தான் நகரும். பாடக் குறிப்புகளுக்கு அது தாராளம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், கணினியை இணையத்தோடு இணைக்காமல், தம்ப்டிரைவ் வழியாகவே கோப்புகளை மடிக்கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.