ஜிக்குக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மார்த்தாண்டம், செவ்வாய் காலை

நம் சொல்லாக்கக் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்கு அவர்களுடைய செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு அமெரிக்கக் கட்டுரை: புதிதாகத் தூண்டில் எடுப்பவர் ஜிக் என்கிற பொய் இரையை வைத்து பாஸ் மீன் பிடிக்கக் கற்பது எப்படி. வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். நாலு வரிக்கு ஒரு ஜிக் வந்து நிற்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள், இப்போது மேசைமேல் இருக்கிறது. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்த ஒரு தலை, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. அதற்குக் கீழே பழுப்பும் கறுப்புமாக ஒரு கொத்து சிலிக்கோன் இழை. இதை அவர்கள் பாவாடை என்கிறார்கள், நான் அப்படி எழுதப்போவதில்லை. முள் நுனிக்கு முன்னால் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி விறைப்பான நார்க்கற்றை. பாசியிலும் மூழ்கிய மரக்கிளையிலும் முள் மாட்டாமல் இருப்பதற்கு. முள்ளில் ரப்பர் வால் ஒன்றைச் செருகிவிட்டால் தண்ணீருக்குள் இழையெல்லாம் விரிந்து, கொடுக்கு வைத்த ஆற்று இறால் மாதிரி தெரியுமாம்.

ஒரு சொல் வேண்டும். பெயராகவும் ஆக வேண்டும், வினையாகவும் ஆக வேண்டும்.

செங்கோட்டை, செவ்வாய் காலை

அக்கா, ஜிக் இருக்கட்டும், முதலில் பாஸைக் கவனியுங்கள். ‘பாஸைப் பிடிப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தால், மேலாளரைக் காக்காய் பிடிக்கச் சொல்லித்தருகிற கட்டுரை என்று ஆபீஸ் ஆபீஸாகத் திறந்து பார்ப்பார்கள். கடைக்காரருக்கு நல்லதுதான்.

குளச்சல், செவ்வாய் மதியம்

அகராதியைப் பார்த்துக் கொடுவா என்று மட்டும் போட்டுவிடாதே தங்கச்சி. ஏற்றுமதிக்காரர்கள் கொடுவாவைத்தான் சீபாஸ் என்று விற்கிறார்கள். அது உப்புத்தண்ணீரில் முட்டையிட்டு, கழிமுகத்திலும் ஆற்றிலும் ஏறி வளரும். முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும். உன் கட்டுரையில் இருப்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன், கொடுவாவுக்குச் சொந்தமே கிடையாது. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெருவாய், போகவில்லை என்றால் சிறுவாய். பெருவாய் பாஸ் என்று எழுது, போதும்.

ஜிக் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. கணவாய் பிடிக்க அப்பா வீட்டிலேயே செய்வார். காய்ந்த களிமண் அச்சில் ஈயத்தை ஊற்றி, அடியில் ஊசிகளை வட்டமாக வைத்து, பூ விரிந்த மாதிரி மேல்நோக்கி மடக்குவார். சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் போகக்கூடாது, ஈயப்புகை ஆகாது. கட்டுமரத்தில் உட்கார்ந்து, கயிற்றைச் சுட்டுவிரலில் போட்டுச் சுண்டுவார், விடுவார், மறுபடி சுண்டுவார். இரை என்று எதுவும் கிடையாது. கணவாய் வந்து கட்டிக்கொள்ளும்.

ஆக, சுண்டுமுள். வினை வேண்டுமா, சுண்டு. வேலை முடிந்தது.

தக்கலை, செவ்வாய் இரவு

குளச்சலார் முடிந்தது என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன் பிடிக்கிற இனம், உலகத்துக்கே கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்த கரை, ஒரு ஈயத்துண்டுக்குப் பெயர் இல்லாமல் தவிக்கிறது. சூது அதிகாரத்தின் முதல் குறளை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம்
தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.

தூண்டிற்பொன். பொன் என்றதும் தங்கம் என்று நினைக்க வேண்டாம். பொன் என்பது உலோகம் எதற்கும் பொதுப்பெயர், அதனால்தான் இரும்பு கரும்பொன் ஆயிற்று. பரிமேலழகரும் இங்கே இரும்பு என்றே உரை கொள்கிறார். உலோகத்தை இரை என்று நம்பி மீன் விழுங்குகிறது. மார்த்தாண்டத்தின் மேசைமேல் இருப்பது இதே பொருள்தானே? புதுச்சொல் ஆக்குவது எதற்கு, 931ஆம் குறளில் தயாராக இருக்கும்போது?

இனி தூண்டில். துள் என்பது வேர். துள்ளுதல், துளங்குதல், துடித்தல், துடுப்பு, தூண்டுதல், தூண்டில் எல்லாம் அசைவு என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை. விளக்குத் திரியைத் தூண்டுவதும் மீனைத் தூண்டுவதும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஜிக் என்பது ஒரு துள்ளல் ஆட்டத்துக்கும் பெயர், கவனிக்கவும். அந்தச் சொல்லின் மூலம் அவர்களுக்கே தெளிவில்லை. எனக்கு ஓரளவு தெளிவு உண்டு, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

செங்கோட்டை, செவ்வாய் இரவு

ஐயா, தனி மடல் வேண்டாம். போன தடவை ‘மடிக்கணினி’க்கு நீங்கள் எழுதிய தனி மடலை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.

குறள் அருமைதான். ஆனால் கட்டுரையில் எட்டில் மூன்று அவுன்ஸ் ஜிக்கில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். கிராமில் பத்தரைக்குக் கொஞ்சம் மேல். ‘பத்தரை கிராம் பொன்னைக் கட்டி ஆற்றில் வீசவும்’ என்று செயலியில் வந்தால் என்ன ஆகும்? ஒரு பவுனுக்கும் மேல் ஐயா. விற்கிற விலைக்கு, மீன் மாட்டுகிறதோ இல்லையோ, வீட்டுக்காரி ஆற்றில் குதித்துவிடுவாள்.

கொழிஞ்சாம்பாறை, புதன் காலை

நீங்கள் எல்லாரும் 1956இல் மாநிலம் பிரித்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள், சண்டை போட நேரம் இருக்கிறது. நான் இந்தப் பக்கம், கேரளத்தில், தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன், என் சங்கடத்தையும் கேளுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் வாய்க்காலில் விரால் பிடிக்கிறவர்கள். தூண்டில் என்று புத்தகத்தில் படிப்பார்கள், கூட்டாளியிடம் சூண்ட என்பார்கள். முள்ளுக்கு மலையாளத்தில் சூண்டக்கொளுத்து. இதை அப்படியே தமிழில் எழுதினால் தூண்டிலுக்குத் தீ வைக்கச் சொல்வது போல் ஆகிவிடும். ரப்பர் தவளைக்கு ஃபிராக், இதற்கு ஜிக். கடைக்காரரும் அதையே சொல்கிறார். ஜப்பான்காரர்கள் ஜிகு என்றே எழுதிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1932இல் உலக சாதனையாகப் பிடித்த பெருவாய் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் பத்து கிலோ. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்கு ஈடான மீனைத் தூக்கியவர் ஒரு ஜப்பானியர். ஜிகு என்று எழுதியதால் அவர்களுக்கு மீன் குறையவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழ்ச்சொல் பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் அதைப் பக்கத்து பெஞ்சுப் பையனிடமும் சொல்ல முடிய வேண்டும். முள் என்றால் இரண்டு பேருக்கும் புரியும். தூண்டிற்பொன் என்றால் ஒருவருக்கும் புரியாது. என்னைக் கேட்டால் ஜிக்.

தக்கலை, புதன் மதியம்

கொளுத்து நம் சொல். நகையின் பூட்டுக்குப் பழைய பெயர் அது. மலையாளம் பத்திரமாக வைத்திருக்கிறது, நாம் தீ வைத்துவிட்டோம்.

ஒலிபெயர்ப்புதான் வேண்டுமென்றால் அதையாவது முறையாகச் செய்யுங்கள். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பிய விதியை ஆங்கிலத்துக்கும் நீட்டினால் ஜகரம் போகும், சகரம் வரும். சகரம் மொழிமுதலில் அ, ஐ, ஔ மூன்றோடு மட்டும்தான் வராது என்கிறார், இகரத்துக்குத் தடை இல்லை. ஈற்றில் குற்றியலுகரம் சேரும். ஆக, சிக்கு! மீன் சிக்கும். ஒலியும் பொருளும் ஒன்றாக வந்து விழுகின்றன. சிக்கு என்ற நம் சொல்தான் கப்பலேறிப் போய் ஜிக்காகத் திரும்பியதோ என்றுகூட எனக்கு

(அவசரத்தில் அனுப்பு பொத்தானைத் தொட்டுவிட்டேன். மீதி பிறகு.)

குளச்சல், புதன் மாலை

ஐயா, மீதி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தூண்டிலில் கட்டுகிற தங்கூசி முறுக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாகக் கிடந்தால் அதற்குப் பெயர் சிக்கு. புதிதாக ரீல் பிடிக்கிறவன் மீனைவிட அதிகமாகப் பார்ப்பது அதைத்தான். ‘சிக்கை எறி, சிக்கு விழுந்தால் சிக்கை எடு’ என்று எழுதினால் அவன் எதை எடுப்பான்?

மார்த்தாண்டம், வியாழன் காலை

நேற்று இரவு கட்டுரையை முழுசாக ஒருமுறை கச்சாவாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். குளச்சல் அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது.

அது சொல்வது இவ்வளவுதான். எறிந்ததும் தானாக விழ விடு. தூண்டில் நரம்பை இறுக்கிப் பிடிக்காதே, அதற்காக ஒரேயடியாகத் தொய்யவும் விடாதே. ஏனென்றால் பாதிக் கடி விழும்போதே வருகிறது. நரம்பு லேசாகத் துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரை வருவதற்கு முன்பே விழுவது நின்றாலோ, மீன் வாயில் எடுத்துவிட்டது. தரையைத் தொட்டால் கொஞ்ச நேரம் சும்மா இரு. பிறகு கோலைப் பக்கவாட்டில் ஒரு முழம் மெதுவாக இழு. கல்லில் ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். மறுபடி சும்மா இரு. கடித்த மாதிரி இருந்தால் கோலைத் தாழ்த்து, தொய்வைச் சுற்றி எடு, அப்புறம் வலுவாக இழு. புதியவர் செய்கிற முதல் தப்பு எது தெரியுமா? ஓயாமல் சுண்டிக்கொண்டே இருப்பது.

தலைப்பில் சுண்டுமுள் என்று போட்டுவிட்டு, உள்ளே பத்தி பத்தியாக ‘சுண்டாதே, சுண்டாதே’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை அண்ணா. வேலையை வைத்துப் பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் (மன்னிக்கவும்) வரும். உருவத்தை வைத்து வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஜடையில் கட்டுகிற குஞ்சம்போலத்தான் அந்த இழைக்கொத்து இருக்கிறது. குஞ்சமுள். வினைக்கு ஒரே சொல் தேட வேண்டாம், இடத்துக்கு ஏற்றபடி இழு, நகர்த்து, தத்த விடு.

தலையின் வடிவத்திலும் ஒரு தொல்லை. ஒரு வகைக்கு ஃபுட்பால் தலை என்று பேர். கால்பந்து என்று எழுதினால் நம்மவர்கள் உருண்டையாக நினைப்பார்கள், அதுவோ அமெரிக்கப் பந்து, நீண்டு இரண்டு முனையும் கூம்பியது. முள்ளுக்குக் குறுக்காக வைத்திருப்பதால் கல்லிடுக்கில் செருகாமல் உருண்டு வரும். யாரையும் கேட்காமல் பலாக்கொட்டைத் தலை என்று எழுதிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் காலை

பலாக்கொட்டைக்கு என் முழு ஓட்டு. இரண்டு பக்கமும் செல்லும்.

குளச்சல், வியாழன் மதியம்

கணவாய்க்குச் சுண்ட வேண்டும், பாஸுக்குச் சுண்டக்கூடாது என்றால் அது பாஸ் மீனின் கோளாறு. கரண்ட் இல்லாமல் சும்மா தொங்கினாலும் மின்விசிறி மின்விசிறிதானே? நீ சொல்கிற குஞ்சமே இல்லாமல் வெறும் ஈயத்தலையும் ரப்பர்ப் புழுவுமாக எத்தனை ஜிக் இருக்கிறது தெரியுமா? அதை மொட்டைக் குஞ்சமுள் என்பாயா?

அப்புறம், நரம்பு என்று எழுதாதே. தங்கூசி.

தக்கலை, வியாழன் மதியம்

இரண்டும் வேண்டாம். தங்கூசி கீழைக்கடல் வழியாக வந்த சொல் என்று தோன்றுகிறது. நரம்பு உடம்பில் இருக்க வேண்டியது. நாண் என்று எழுதலாம்.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் மதியம்

இங்கே டங்கீஸ். நான் பள்ளிக்குப் போகிறேன்.

செங்கோட்டை, வியாழன் மாலை

ஐயாவின் பொன்னுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். இப்போது ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டனிலும் தலை வார்க்கிறார்கள். ஈயத்தின் அடர்த்தி கன செண்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் 19.3. அதே எடைக்குத் தலை சின்னது, அடியில் இருப்பது கல்லா கட்டையா என்பது கைக்குத் துல்லியமாகத் தெரியும். ஈயமுள் என்று வைத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம், பொன் என்றால் எல்லா உலோகமும் அடங்கும். தவிர, தங்கத்தின் அடர்த்தியும் அதே 19.3தான். வள்ளுவர் கணக்கு தப்பவில்லை. ஓட்டு மட்டும் குஞ்சமுள்ளுக்கு.

தக்கலை, வியாழன் இரவு

ஓட்டுப் போட்டுச் சொல் பிறப்பதில்லை. என் மாற்றுக்கருத்தை நம் சொற்பட்டியலில் பதிவு செய்யவும்.

மார்த்தாண்டம், வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். தலைப்பில் ஜிக் என்றே விட்டேன், ஆட்கள் தேடுவது அந்தச் சொல்லைத்தான். உள்ளே முதல் இடத்தில் ‘ஜிக் எனும் குஞ்சமுள்’, அதற்குப் பிறகு குஞ்சமுள் மட்டும். நம் பட்டியலில் குஞ்சமுள், சுண்டுமுள், தூண்டிற்பொன் மூன்றையும் ஏற்றியிருக்கிறேன். ஐயாவின் மாற்றுக்கருத்து அடைப்புக்குள் இருக்கிறது. கடையிலிருந்து பதில் வந்தது: ‘எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம், பலாக்கொட்டை என்றால் என்ன என்று அமெரிக்காவில் கேட்கிறார்கள்.’

செங்கோட்டை, ஞாயிறு இரவு

நானும் ஆர்வத்தில் ஒன்று வாங்கி, காலையில் ஊருக்கு வெளியே குளத்தில் எறிந்து பார்த்தேன். பாஸ் இல்லை, விராலாவது வரும் என்று ஆசை. தக்கலை ஐயா சொன்னது பாதி பலித்தது. முதல் வீச்சிலேயே சிக்கு விழுந்தது, மீன் சிக்கவில்லை. அரசமரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் நரம்பை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

குளச்சல், ஞாயிறு இரவு

தங்கூசியை.