வீட்டு முற்றத்தில் ஒயில் மாற்றியபோது பில்டர்ப் பக்கமிருந்து எண்ணெய் பீறிட்டது. காரணம் என்ன? கிணற்றுக்கு ஆபத்தா?

உப்புவெளி ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 121, 1500 சிசி பெற்றோல் எஞ்சின். தம்பி லீவில் வந்து நிற்கிறான். இந்த முறை சேர்விஸுக்குக் கொண்டுபோகாமல் அவனும் நானுமாக நேற்றுக் காலை முற்றத்திலேயே ஒயில் மாற்றினோம்.

எங்கள் முற்றம் பாதி சீமெந்து, மீதி வெறும் கடல் மணல். காரைத் தூக்குகிற ஜக் புதையாமல் இருக்கச் சீமெந்துப் பக்கம் காரை நிறுத்தி, கீழே தடித்த பலகை வைத்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்கினோம். 14 ஸ்பனரால் அடிப் பொல்ட்டைக் கழற்றியதும் எண்ணெய் கட்டியான தாரையாகப் பேசினுக்குள் நேராக விழுந்தது. கடைசியில் நூல் மாதிரி மெலிந்து வடியத் தொடங்கியதும் கச்சான் காற்று அதைப் பிடித்து இழுத்துச் சீமெந்தில் கோடு கோடாகப் போட்டுவிட்டது. சரி, அது துடைத்தால் போகிற விஷயம்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். பழைய பில்டரைக் கழற்றினோம், புதியதன் றபரில் கொஞ்சம் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினோம், 3.7 லீற்றர் ஊற்றினோம். நான் ஏறி ஸ்டாட் பண்ணினேன். ஒயில் அழுத்தத்தைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணைந்தது. அதே நேரம் பக்கத்தில் குந்தியிருந்த தம்பி "நிப்பாட்டக்கா, நிப்பாட்டு" என்று கத்தினான். உடனே நிறுத்தினேன். அந்தச் சில நொடிக்குள் பில்டர் இருக்கிற பக்கமிருந்து புது எண்ணெய் விசிறியடித்து, அவனுடைய சாரம், முன் ரயர், சீமெந்து எல்லாம் எண்ணெய். சரிவில் ஓடியது மணலுக்குள் இறங்கிவிட்டது.

அந்த இடத்திலிருந்து கிணறு பத்து மீற்றர்கூட வராது. குடிப்பது அந்தத் தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அம்மாவும் அங்கேதான் அள்ளுகிறார். எனக்குக் காரைவிட அதுதான் பெரிய யோசனையாக இருக்கிறது. மேலே தெரிகிற எண்ணெயைச் சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவலாமா? பில்டர் பிழையான சாமானா? புதுப் பெட்டி உடைத்துத்தான் எடுத்தோம், காரின் மொடல் சொல்லித்தான் வாங்கினோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கார் அப்படியே நிற்கிறது.

சாம்பல்தீவுக்காரன்:

தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள் அக்கா. மரக்காலையில் மரத்தூள் சும்மா தருவார்கள். சீமெந்து மேல் தடிப்பாகப் போட்டு, காலால் தேய்த்து, இரவு முழுக்க விட்டுக் கூட்டி அள்ளுங்கள். மரத்தூள் இல்லையென்றால் உமி, அதுவும் இல்லையென்றால் அடுப்புச் சாம்பல். எங்கள் வீட்டில் லொறி ஒழுகிய இடத்தில் இப்படித்தான் செய்தோம். கறை மங்கலாகத் தெரியும், வழுக்காது.

பில்டர் பற்றிப் பாலையூற்று ஐயா வந்து சொல்லட்டும்.

பாலையூற்று மெக்கானிக்:

மகள், முதலில் ஒன்று செய்யுங்கள். கழற்றிய பழைய பில்டரை எறிந்திருக்க மாட்டீர்கள்தானே? அதை எடுத்து வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், அதற்குள் கறுப்பு றபர் வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய றபர்மேல் புது றபர் போய் உட்கார்ந்தால் கையில் இறுக்கம் சரியாகத்தான் தெரியும், ஊற்றும்போதும் ஒரு சொட்டு வராது. எஞ்சின் சுற்றி ஒயில் பம்ப் அழுத்தம் கொடுத்த உடனே இரண்டு றபரும் ஒன்றை ஒன்று நழுவ விட்டுப் பக்கவாட்டால் பீறும். நீங்கள் சொல்கிற அறிகுறி அச்சொட்டாக இதுதான். மொடல் சொல்லித்தானே வாங்கினீர்கள், பில்டர் பிழையான சாமானாக இருப்பது குறைவு.

இது வருஷக்கணக்காகக் கராஜில் நிற்கிறவனுக்கும் நடக்கிற விஷயம். சூட்டில் றபர் வெந்து அலுமினியத்தோடு ஒட்டிவிடும். அதனால்தான் நான் பொடியன்களிடம் சொல்வது: பழைய பில்டரைக் கழற்றினால் அதைப் பேசினில் போடாதே, திருப்பிப் பார், றபரைக் கண்ணால் கண்ட பிறகு கீழே வை. பிறகு பில்டர் போய் உட்கார்கிற எஞ்சின் முகத்தைத் துணியால் சுற்றித் துடை. துணி ஓர் இடத்தில் தடக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது, நீங்களும் உடனே நிறுத்தியிருக்கிறீர்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் இனி ஸ்டாட் பண்ண வேண்டாம், "ஒருக்கா பார்ப்போம்" என்றுகூட வேண்டாம். பேசினைக் கீழே வைத்துப் புது பில்டரைக் கழற்றுங்கள். அது நிறைய எண்ணெய் இருக்கும், நேராகப் பிடித்து இறக்குங்கள். பழைய வளையத்தை நகத்தாலோ பிளாஸ்ரிக் துண்டாலோ கிளப்பி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அந்த முகத்தில் கீறல் விழுந்தால் பிறகு காலம் முழுக்கக் கசியும். புது பில்டரின் றபர் நசுங்காமல், கிழியாமல் இருந்தால் அதையே போடலாம். எனக்கென்றால் இன்னொன்று வாங்கிவிடுவேன், அந்த விலைக்கு மனநிம்மதி பெரிது. றபர் முகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும்.

எவ்வளவு எண்ணெய் போனது என்று ஊகிக்க வேண்டாம். கார் சமதரையில் நிற்க, ஒயில் அளவு பார்க்கிற குச்சியை இழுத்துத் துடைத்து, திரும்பவும் இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். 3.7 என்பது பில்டரும் சேர்த்து மாற்றும்போது உள்ள கணக்கு, இப்போது அதைப் பார்த்து ஊற்றினால் கூடிவிடும். வாங்கும்போது தடிப்பு 5டபிள்யூ-30, தரம் எஸ்எல் அல்லது அதற்குப் பின்வந்தது என்று கானில் பார்த்து, முதலில் ஊற்றிய அதே வகையையே எடுங்கள். சீனக்குடாவிலேயே கலந்து அடைத்து வருகிற சேர்வோ ஒயிலும் இருக்கிறது, வெளியிலிருந்து வருவதும் இருக்கிறது. எழுத்துச் சரியாக இருந்தால் எதுவும் சரி.

இனிக் கிணறு. இதில் நீங்கள் கவலைப்படுவது நூற்றுக்கு நூறு நியாயம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணலுக்குக் கீழே கையெட்டும் ஆழத்தில்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது. மணல் எதையும் பிடித்து வைக்காது. சவர்க்காரத்தூளும் தண்ணீரும் போட்டால், மேலே நிற்கிற எண்ணெயைக் கரைத்து நீங்களே கீழே அனுப்பிவிடுகிறீர்கள். சாம்பல்தீவுத் தம்பி சொன்ன மரத்தூள் சீமெந்துக்குச் சரி. மணலுக்கு மண்வெட்டிதான் மருந்து. நிறம் மாறிய இடத்தைத் தோண்டுங்கள், அதற்குக் கீழே இன்னும் ஒரு சாண், சுற்றிவரவும் ஒரு சாண். எல்லாவற்றையும் உரப்பையில் கட்டுங்கள், பையை மண்மேல் வைக்காமல் தகரத்தின் மேல் வையுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். ஒரு மழை பெய்தால் அந்த வேலை செய்ய முடியாது.

உப்புவெளி ரீச்சர்:

ஐயா, நீங்கள் சொன்னதேதான்! பழைய பில்டரில் பள்ளம் வெறுமையாக இருக்கிறது. தம்பி கையை விட்டுத் தடவிப் பார்த்தான், எஞ்சினில் வளையம் இருக்கிறது, தட்டையாகி, ஓரம் கண்ணாடி மாதிரி இறுகிப்போய். டெலிபோன் கார்ட் ஒன்றின் மூலையால் கிளப்பினோம், இரண்டு துண்டாக வந்தது. இரண்டையும் சேர்த்து வட்டம் முழுமையாக வருகிறதா என்று மேசையில் வைத்துப் பார்த்தோம். வந்தது. புது பில்டரின் றபர் ஒரு பக்கம் வெளியே பிதுங்கி நிற்கிறது, அதனால் வேறொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

மணலும் தோண்டியாயிற்று. முழங்கை ஆழம் வரை பழுப்பாக இருந்தது, அதற்குக் கீழே வெள்ளை மணல். மூன்று உரப்பை நிறைந்தது. கிணற்றுத் தண்ணீரில் படலமோ மணமோ இல்லை. ஆனாலும் பக்கத்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன், குடிக்க மட்டும் இப்போதைக்குக் குழாய்த் தண்ணீர் எடுக்கச் சொல்லி. கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்டார். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், எண்ணெய் அப்படியே இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன்.

பேசினில் இருக்கிற கழிவு ஒயிலை என்ன செய்வது?

கிண்ணியா வள்ளம்:

தங்கச்சி, எங்கட பக்கம் கழிவு ஒயில் வீணாகப் போகாது. வேலிக் கட்டைக்குப் பூசுவோம், கறையான் அண்டாது. வாப்பா காலத்தில் வள்ளத்தின் அடிக்கும் பூசுவார்கள். நாலு லீற்றர்தானே, ஆர் கேட்டாலும் கொடுங்க, வாங்கிக்கொண்டு போவாங்க.

இன்னொன்று, பேசினைத் திறந்தபடி வைக்காதீங்க. எங்கட வீட்டில் ஒருதரம் மாரியில் அப்படி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். இரவு மழை. தண்ணீர் அடியில் போக ஒயில் மேலே மிதந்து முழுக்க வெளியே வழிந்தது. காலையில் பேசினுக்குள் இருந்தது மழைத்தண்ணீர்தான், ஒயில் எல்லாம் முற்றத்தில்.

பாலையூற்று மெக்கானிக்:

மழை விஷயம் கிண்ணியா நானா சொன்னது நூறு வீதம் சரி. எங்களுடைய பக்கம் மானும் ஒரு காரணம். கோட்டைப் பக்கமிருந்து திருகோணமலை ரவுன் எல்லாம் அலைகிற மான்கள் கண்டதிலும் வாய் வைக்கும். திறந்த பாத்திரத்தில் ஒயில் வைப்பது அவற்றுக்குச் செய்கிற கொடுமை.

வேலிக் கட்டை, வள்ளம் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து, நானா கோபிக்கக் கூடாது. பழைய ஆட்கள் பூசினார்கள், நானும் பார்த்து வளர்ந்தவன். ஆனால் ஓடித் தேய்ந்த ஒயிலில் எஞ்சினுக்குள் உராய்ந்த உலோகத்தூள், எரிந்த கரி எல்லாம் கலந்திருக்கிறது. கட்டையில் பூசினால் மழைக்கு மண்ணுக்குள் இறங்கும், வள்ளத்தில் பூசினால் நேரே கொட்டியாரக் குடாவுக்குள். மீன் பிடிக்கிற தண்ணீருக்குள் அதை விடலாமா? கையிலும் அதிக நேரம் இருக்க விடக்கூடாது, தோலுக்குக் கூடாது.

மகள், அதைப் புது ஒயில் வந்த கானிலேயே புனல் வைத்து ஊற்றி மூடுங்கள். பழைய பில்டரைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள்ளிருந்தும் கொஞ்சம் வடியும், அதையும் சேருங்கள். பெரிய சேர்விஸ் ஸ்டேஷன்களில் கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பார்கள். கொண்டுபோய்க் கேளுங்கள், வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். தண்ணீரோ பெற்றோலோ கலக்காமல் கொடுக்க வேண்டும், கலந்தால் எடுக்க மாட்டார்கள். மண் நிறைந்த பைகளை எங்கே கொடுப்பது என்று மாநகர சபையில், உங்கள் இடம் பிரதேச சபைக்குள் வந்தால் அங்கே, விசாரியுங்கள். குப்பை லொறியில் சொல்லாமல் ஏற்றிவிட வேண்டாம்.

சாம்பல்தீவுக்காரன்:

ஐயா, எங்கள் ஒபிஸில் ஒருவர் ஹொண்டா பிட் வைத்திருக்கிறார். இதை வாசித்துவிட்டுத் தானும் வீட்டில் மாற்றப் போவதாகச் சொல்கிறார். அதுவும் இதே மாதிரித்தானா?

பாலையூற்று மெக்கானிக்:

நில்லுங்கள், அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹொண்டாவில் கீழே படுத்துப் பார்த்தால் ஒன்றுக்குமேல் பொல்ட் தெரியும். எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்பில் இருப்பது வெளியே 17 ஸ்பனர் பிடிக்கிற தலை. நடுவில் சதுரக் குழி இருந்தால் அது கியர்பொக்ஸ், ரச்செட்டின் முனை அப்படியே உள்ளே போகும். ரச்செட் கையில் இருக்கிறவன் அதைத்தான் முதலில் கழற்றுவான், ஏனென்றால் அது சுகமாகக் கழலும்.

எங்களிடம் ஒரு கார் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கியர் போட்டால் நகரவில்லை. வீட்டில் ஒயில் மாற்றினார்களாம். கியர்பொக்ஸ் ஒயிலை இறக்கிவிட்டு எஞ்சினுக்குள் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். கியர்பொக்ஸ் வெறுமை, எஞ்சினில் பழையதும் புதியதுமாக இரட்டிப்பு. குச்சியை இழுத்தால் மேல் கோட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு எண்ணெய். அந்தப் பிள்ளைகள் வீதிக்கு இறக்கிக் கன தூரம் ஓட்டியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

அதனால் பொல்ட்டைக் கழற்றியதும் வருகிற நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிய எஞ்சின் ஒயில் கறுப்பாக, எரிந்த மணத்தோடு வரும். சிவப்பாகவோ தெளிவாகவோ வந்தால் உடனே பொல்ட்டைத் திரும்பப் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

உப்புவெளி ரீச்சர்:

புது பில்டர் போட்டாயிற்று. ஸ்டாட் பண்ணிச் சில நிமிஷம் ஓட விட்டோம், தம்பி டோர்ச் அடித்துப் பார்த்தான், பில்டர்ப் பக்கம் காய்ந்தே இருக்கிறது. பொல்ட்டுக்கும் புது வொஷர் போட்டுத்தான் இறுக்கியிருந்தோம். நாளைக்கு ரவுனுக்கு எடுக்கலாமா?

பாலையூற்று மெக்கானிக்:

எடுக்கலாம் மகள். இன்றிரவு எஞ்சினுக்கு நேரே கீழே காட்போட் மட்டை ஒன்றை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் கல் வையுங்கள். காலையில் எஞ்சின் சூடாவதற்கு முதல் குச்சி பாருங்கள், மட்டையையும் பாருங்கள். பில்டருக்கு நேரே பொட்டு இருந்தால் எழுதுங்கள். ஓரத்தில், சட்டத்துக்குக் கீழே ஒன்றிரண்டு பொட்டு இருந்தால் அது நேற்று விசிறியடித்தது வடிகிறது, துணியால் துடைத்துவிட்டு ஓடுங்கள்.