யூதமும் கிறிஸ்தவமும் பிரிந்தது 1-ஆம் நூற்றாண்டிலா, 4-ஆம் நூற்றாண்டிலா?

நாணயப்பித்தன்:
வரிக்கணக்கைப் பாருங்கள். கி.பி. 70-இல் எருசலேம் கோயில் இடிந்ததும், யூதர்கள் அதற்குக் கட்டிவந்த இரண்டு திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) வரியை ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் ரோமின் ஜூப்பிட்டர் கோயிலுக்குத் திருப்பிவிட்டார். அவருடைய மகன் தோமித்தியன் பேரரசராக இருந்த காலத்தில் அந்த வரி வசூலில் கெடுபிடி. வரி கட்ட வேண்டிய யூதரா என அறிய, விருத்தசேதனம் (நுனித்தோல் நீக்கம்) ஆனவரா என்று 90 வயதுக் கிழவரைக் கூட்டம் நிறைந்த மன்றத்தில் அவிழ்த்துப் பார்த்ததை, சிறுவயதில் நேரில் கண்ட ரோம எழுத்தாளர் சுவெத்தோனியுஸ் எழுதிவைத்திருக்கிறார். 96-இல் பேரரசரான நெர்வா இந்த அடாவடியை நிறுத்தி, அதற்கென நாணயமே அடித்தார். சுமார் 112-இல் கிறிஸ்தவர்களை விசாரித்த மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் யூதர் பேச்சையே எடுக்கவில்லை. அரசுக்கே இரண்டும் வேறு என்று தெரிந்துவிட்டது.

எபேசுக்காரன்:
அரசு எப்படிப் பார்த்தது என்பது வேறு, சபை எப்படி நடந்துகொண்டது என்பது வேறு. ரோமின் ஆசியா மாகாணச் (இன்றைய மேற்குத் துருக்கி) சபைகள் பாஸ்கா திருநாளை யூத நாள்காட்டியின் நிசான் மாதம் 14-இல், எந்தக் கிழமையானாலும் அனுசரித்தன. யூதர் வீட்டிலிருந்து புளித்த மாவை அகற்றும் அதே நாள்! 155 வாக்கில் ஆசியாவின் சிமிர்னா ஆயர் போலிகார்ப்பு ரோமுக்குப் போய் அந்நகர ஆயர் அனிசேத்துஸிடம் இதைப் பேசினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனாலும் நற்கருணை நடத்தும் மரியாதையை அனிசேத்துஸ் அவருக்கே தந்தார். 190 வாக்கில், ஞாயிறுதான் வேண்டும் என்ற ரோம் ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை விலக்கி வைக்கப் பார்த்தார். தன் உறவினரில் ஏழு பேர் ஆயர்கள், தான் எட்டாவது, எல்லாருக்கும் இதே நாள்தான் என்று எபேசு ஆயர் பொலிக்கிராத்தேஸ் பதிலடி கொடுத்தார். லியோன் ஆயர் ஐரேனேயுஸும் விக்டரைக் கண்டித்தார்.

நாணயப்பித்தன்:
நாள் ஒன்றானால் மதம் ஒன்றாகிவிடுமா? திங்கள், வியாழனில் நோன்பிருக்கும் வெளிவேடக்காரரைப்போல வேண்டாம், புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது திதாக்கே என்ற ஆதிக் கிறிஸ்தவ நூல். யூத ரபிகளின் மையமான யவ்னேயில் 90 வாக்கில் நசரேயரை, அதாவது கிறிஸ்தவரை, சபிக்கும் செபமும் வந்தாயிற்று.

சுவடிப்புழு:
இடையில் ஒரு வார்த்தை. அந்தச் செபத்தில் ‘நசரேயர்’ என்று வரும் பாடம் கெய்ரோ கெனிசாவில் (பழைய ஜெப ஆலயத்தின் சுவடி அறை) கிடைத்த இடைக்காலச் சுவடிகளில் உள்ளது. அதை அப்படியே 90-க்குக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எபேசுக்காரன்:
நன்றி. திதாக்கே விஷயத்துக்கு வருகிறேன். விலகாமல் இருப்பவரிடம்தானே விலகு என்று சொல்வார்கள்? 325-இல் நீசேயா திருச்சங்கம் பாஸ்கா நாளை யூதரிடமிருந்து பிரித்த பிறகும், 386-87-இல் கிறிசோஸ்தோம் என்ற குரு அந்தியோக்கியாவில் யூதப் பழக்கங்களுக்கு எதிராக எட்டுப் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய சபையாரே எக்காளம் கேட்க யூதரின் ஜெப ஆலயம் போனார்கள். அங்கே செய்யும் சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று ஆளை அங்கே இழுத்துப்போனார்கள். யூதரிடம் புளிப்பில்லா அப்பம் வாங்காதே என்கிறது லவோதிக்கேயா திருச்சங்கத்தின் 38-ஆம் விதி. யாரும் வாங்காத ஊரில் அந்த விதிக்கு என்ன வேலை?

நாணயப்பித்தன்:
இரண்டும் கிழக்கத்திய ஊர்கள். ரோம் 2-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?