ஐப்பசி கழிந்து ஓரப்பாத்தி (வேலியோரப் பூச்செடிப் பாத்தி) போட்டவர்கள், செடிகள் எப்படித் தாங்கின என்று சொல்லுங்கள்

உதகையிலிருந்து:
போன வருடம் ஐப்பசி மழை விட்டதும் மண்வெட்டியை எடுத்தேன். மண் பதமாக இருந்தது, வெயிலில் நாற்று வாடும் பயமும் இல்லை. வேலியோரம் இருபதடிக்குப் பாத்தி. பின்வரிசையில் ஹைட்ரேஞ்சியா, நடுவில் அகபாந்தஸ், முன்னால் ஜெரேனியம். இங்கே புளிப்பு மண். ஹைட்ரேஞ்சியா தானாகவே நீலமாகப் பூக்கும். அந்த ஆசையில் தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "பள்ளத்திலா போடுகிறாய்? பனி அங்கேதான் முதலில் இறங்கும்" என்றார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைத்து, அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

கார்த்திகை முழுக்க வெறும் நீர்ப்பனி. மார்கழியில் ஒருநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, காற்றும் அசையவில்லை. அப்படிப்பட்ட இரவில் நிலத்துச் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போலப் பள்ளத்தில் வந்து தேங்கும். விடிந்தபோது உறைபனியில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருந்தது. ஒன்பது மணி வெயிலுக்கு ஜெரேனியம் வெந்த கீரையாகிவிட்டது. மேட்டில் சுவரோரம் மிச்சத்துக்கு ஊன்றிய இரண்டு ஜெரேனியமோ ஒன்றும் நடக்காதது போல நின்றன. ஒரே நாற்றுதான், பத்தடி மேடுதான் வித்தியாசம்.

கருகியதை வெட்டப் போனபோதும் அக்காதான் தடுத்தார். "காய்ந்த தண்டு அப்படியே நிற்கட்டும், அடிக்குருத்துக்கு அதுதான் போர்வை." பங்குனியில் ஹைட்ரேஞ்சியா அடியிலிருந்து துளிர்த்தது. அகபாந்தஸுக்கு இலை நுனி போனதோடு சரி. ஜெரேனியம் போனது போனதுதான்.

குன்னூரிலிருந்து:
நான் பிளாஸ்டிக் தாள் போர்த்தினேன். தாள் தொட்ட இலையெல்லாம் கருகியது. 1848இல் தொடங்கிய உதகை தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் செடிகளை மிலார் என்ற செடியின் கிளைகளால்தான் மூடுகிறார்கள். இப்போது நானும் அதைத்தான் சாய்த்து வைக்கிறேன். மாலையில் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். சோம்பினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

கோத்தகிரியிலிருந்து:
பனியைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே பெரும் மழை. ஐப்பசியில் புதைத்த டேலியா கிழங்கில் பாதி அழுகியது, மீதியை முள்ளம்பன்றி தோண்டித் தின்றது. தப்பிய அகபாந்தஸ் வரிசையின் குறுக்கே ஒரு காட்டெருமை நடந்து போயிற்று. ஒரு இலையைக்கூடக் கடிக்கவில்லை. குளம்புக் குழிகளில் தண்ணீர் நின்றது, அவ்வளவுதான். இந்த முறை மழை ஓய்ந்து, மார்கழியில், சமையலறைச் சுவரை ஒட்டி நடப் போகிறேன்.