பென்சில்வேனியா மாப்பிள்ளைக்கு வாய்வழி கெட்டிக்கிற ரைஃபிள்: 45, 50, 54 கேலிபரில் எது?

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. குழல் வாயில் மருந்தைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, கேப்பு (அடித்தால் பொறி தருகிற சின்ன மூடி) வைத்துச் சுடுகிறது. அதனால் இந்தச் சமாச்சாரமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று பென்சில்வேனியாவில் இருக்கும் என் மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அங்கே கிறிஸ்துமஸ் கழிந்ததும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு என்றே தனியாக ஒரு மான் சீசன் உண்டாம். அதற்குப் பழைய மாதிரி ரைஃபிள் ஒன்று வாங்கப் போகிறார். கிரீன் கார்டு இருக்கிறது, வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டார். வெள்ளைவால் மான்தான் முக்கியம், பின்னால் கரடிக்கும் போகலாம் என்கிறார். அதே துப்பாக்கியில் அணிலும் சுட முடியுமா என்று ஒரு கேள்வி வேறு. ஆள் ஒல்லி, உதை தாங்கவேண்டும். கேலிபர் (குழலின் உட்குறுக்களவு, அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கு) 45, 50, 54 மூன்றில் எது என்று கேட்கிறார். எங்கள் வீட்டுக் குழலில் பெருவிரலே நுழையும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு மூன்றுமே பொடிசாகத்தான் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன், இப்போது ஓஹையோ:
அண்ணா, முதலில் சட்டம், அப்புறம்தான் மான். பென்சில்வேனியாவில் அந்த சீசனுக்கு 44 கேலிபருக்குக் குறையக் கூடாது, சாதாரண இரும்புக் குறிகாட்டிதான் இருக்கவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கொலராடோவில் மானுக்கு 40 போதும், எல்க் என்கிற பெரிய மானுக்கு 50 வேண்டும். எந்தக் குண்டு அனுமதி என்பதையும் அந்த வருஷத்துக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அணிலை மறந்துவிடச் சொல்லுங்கள். அதற்கு 32 கேலிபர், குண்டு 3 கிராம்கூட வராது. 50இல் அணிலை அடித்தால் வால்தான் மிஞ்சும்.

உருண்டைக் குண்டில் கேலிபர் கொஞ்சம் ஏறினாலே எடை தாவி ஏறும். 45க்கு ஏறக்குறைய 8.3 கிராம், 50க்கு 11.5, 54க்கு 14.5. குறுக்களவு 20 சதவீதம் கூடினால் எடை 75 சதவீதம் கூடுகிறது. இந்தக் காலத்து ரைஃபிளில் நீளமான தோட்டாவும் அசுர வேகமும் உண்டு. இதில் இரண்டும் கிடையாது. உருண்டை காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும், 100 கஜம் போவதற்குள் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அதனால் குண்டின் பருமன்தான் வேலை செய்யவேண்டும். மானுக்கு 50 தாராளம். 45ஆலும் விழும், ஆனால் கிட்டப்போய், சரியான இடத்தில் அடிக்கிற கை வேண்டும். கரடியும் மனதில் இருந்தால் 54.

தத்தமங்கலம் ஓய்வு வாத்தியார்:
தோப்புக்காரரே, உங்கள் வீட்டுக் குழலையும் இதையும் ஒப்பிடாதீர்கள். உங்களுடையது உள்ளே வழவழப்பான குழல். 12 போர் மாதிரி இருக்கும். 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குச் சரியாக 12 உருண்டை வார்க்கலாம் என்று கணக்கு. குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். 50 கேலிபர் என்பது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். உங்களுடையதில் ரவை போட்டுச் சிதறவிடுகிறோம். மாப்பிள்ளை வாங்குவதில் ஒற்றைக் குண்டு, குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுகிற முறுக்கு வரி.

பெரிய குழல் மோகம் நம் நாட்டுக் காட்டில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்களுக்கும் உண்டு. மத்திய மாகாணத்துக் காடுகளில் வேலை பார்த்த கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சித் 1860களிலேயே, பெரிய விலங்குக்கு 14 போர் உருண்டைக் குண்டு, 104 அங்குலத்தில் ஒரே ஒரு சுற்று வருகிற மெதுவான முறுக்கு, தாராளமான மருந்து என்று வாதாடினார். அவர் எதிரில் நின்றது புலியும் காட்டெருமையும். பென்சில்வேனியாவின் ஜெர்மன் கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளோ மருந்தும் ஈயமும் மிச்சம் பிடிக்கச் சின்னக் குழலுக்கு இறங்கின. பிறகு ராக்கி மலைப் பக்கம் போனவர்களுக்கு செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் மறுபடி 50, 54 என்று ஏற்றினார்கள். விலங்கைப் பார்த்துத்தான் குழல்.

வேலந்தாவளம்:
மான் சுடுவதற்கு ஆலோசனையா? இங்கே இதைப் படித்துவிட்டு நாலு பேர் காட்டுக்குள் போவான்.

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
தம்பி, இங்கே மானைத் தொட்டால் 1972ஆம் வருஷத்து வனஉயிர் சட்டத்தில் உள்ளே போகவேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும். அங்கே அரசாங்கமே சீட்டுக் கொடுத்து, எண்ணிச் சுடச் சொல்கிறது. இங்கே என் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுதுபோட்டாலும் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து, உத்தரவு வந்து, லைசென்ஸ் உள்ள ஆள் வந்துதான் சுடவேண்டும். 2022இல் பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த பிறகு அலைச்சல் கொஞ்சம் குறைந்தது. நெல்லில் மயில் இறங்கினால் அதுவும் இல்லை, கும்பிட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

தத்தமங்கலம் ஓய்வு வாத்தியார்:
கூடவே ஒன்று. 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று பெயர் சொல்லியிருப்பது வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியைத்தான். மாப்பிள்ளை லீவில் வரும்போது அந்த ரைஃபிளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். பழைய 50 ஒன்று மலிவாக வருகிறதாம். குழலில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குறித்திருக்கிறது. 20 கஜத்தில் சுட்டுப் பார்த்தால் உருண்டைக் குண்டு தாறுமாறாகப் போகிறது, குண்டைச் சுற்றிப் போட்ட துணி கந்தலாகித் தரையில் கிடக்கிறது. கேலிபர் சரியில்லையா, 54க்கு மாறலாமா என்கிறார்.

பொள்ளாச்சிக்காரன், இப்போது ஓஹையோ:
கேலிபர் மேல் பழி போடாதீர்கள் அண்ணா, முறுக்குதான் காரணம். 28 அங்குல முறுக்கு நீளமான குண்டுக்கு. அதில் வரிப்பள்ளமும் பெரும்பாலும் ஆழமில்லாமல் இருக்கும். உருண்டையைத் துணி சுற்றிப் போட்டு மருந்தை அள்ளிக் கொட்டினால், குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மருந்தைக் குறைத்தால் ஓரளவு ஒழுங்காகப் போகும், ஆனால் மானுக்குப் பலம் போதாது.

உருண்டைக்கு 60, 66, 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஆழமான வரி. 48 என்பது இரண்டுக்கும் நடுவில், சமாளிக்கும். அவர் உருண்டைதான் போடப்போகிறார் என்றால் அந்த மலிவுத் துப்பாக்கியை விட்டுவிடச் சொல்லுங்கள். இதே முறுக்கில் 54 வாங்கினாலும் இதே கூத்துதான்.

குப்பம் லேத் பட்டறை:
நான் துப்பாக்கிக்காரன் இல்லை, இரும்புக்காரன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லையே. வெளிப்பக்கம் ஒரே அளவு எட்டுப்பட்டைக் குழல் என்றால், 54இல் அதிக இரும்பைக் குடைந்து எடுத்தாயிற்று. அதனால் 45தான் கனம், 54 லேசு. ஒல்லியான ஆள் என்று 45 வாங்கிக் கொடுத்தால் மலையேறும்போது உங்களைத்தான் திட்டுவார்.

பொள்ளாச்சிக்காரன், இப்போது ஓஹையோ:
உண்மைதான். ஆனால் லேசான துப்பாக்கியில் கனமான குண்டு, உதை கூடும். உதையைக் கேலிபரைவிட மருந்தின் அளவால்தான் அடக்கவேண்டும். இன்னொன்று, கட்டையின் நீளம் அவர் கைக்குப் பொருந்தவேண்டும், தோளில் படுகிற பின்தகடு அகலமாகத் தட்டையாக இருக்கவேண்டும். பிறைபோல் வளைந்த பித்தளைத் தகடு பார்க்க அழகு, தோளில் ஊன்றினால் எலும்பைக் குத்தும்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு கூடாது. கரிமருந்து மட்டும்தான். இந்தக் காலத்துத் தோட்டாவில் வருகிற புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகை கலந்தாலும் குழல் வெடிக்கும், கையோ கண்ணோ போகும். கடையில் பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்து சுலபமாகக் கிடைக்கும், ஆனால் சக்கிமுக்கிப் பொறிக்கு அது லேசில் பற்றாது, அசல் கரிமருந்து வேண்டும். 50க்கும் 54க்கும் டபுள் எஃப் என்கிற நடுத்தரப் பருமன் ரகம், பொறி விழுகிற கிண்ணத்துக்கு மிக நைசான ரகம். கன அளவுக் குவளையால் அளக்கவேண்டும். துப்பாக்கி செய்தவர் கொடுத்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்காரவேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் குழல் வீங்கும். இதை மாப்பிள்ளைக்கு அப்படியே அனுப்புங்கள்.

குப்பம் லேத் பட்டறை:
சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடச் சொல்லுங்கள். கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் துரு ஏறிவிடும்.

கொழிஞ்சாம்பாறை தோப்புக்காரர்:
அதுமட்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுடாத வருஷத்திலும் அம்மா எண்ணெய் போட வைப்பார்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். மலிவுத் துப்பாக்கியை விட்டாயிற்று. கரடி யோசனையை மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள், ஆகவே 54 தேவையில்லை. 50 கேலிபர், 66 அங்குல முறுக்கு, சக்கிமுக்கிக் கல் பூட்டு. குண்டும் சாமானும் அந்த அளவுக்குத்தான் எந்தக் கடையிலும் கிடைக்கிறதாம், அதுவும் ஒரு காரணம். கடைசியாக ஒன்று: குண்டைச் சுற்றுகிற துணி கந்தலாகாமல் இருக்க எது நல்லது? இங்கே குத்தாம்புள்ளி கைத்தறி வேட்டி நல்ல கெட்டி, ஒன்று அனுப்பட்டுமா?

பொள்ளாச்சிக்காரன், இப்போது ஓஹையோ:
வேட்டி வேண்டாம் அண்ணா, மெல்லிசு, கிழியும். மெத்தை உறை தைக்கிற நெருக்கமான பருத்தித் துணி, 0.4 மில்லிமீட்டர் பக்கம் கனம், அதுதான் பொருந்தும். 50 குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு, இந்தத் துணி, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பாலியஸ்டர் கலந்ததைத் தொடவே கூடாது, சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். கஞ்சி போகத் துவைத்து அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் முறுக்கு வைத்தால் நானும் விலாசம் தருகிறேன்.