டேபிள் எக்ஸ்போர்ட் எக்ஸ்டென்ஷன்: ஃப்ரீயாக ஓடுவதை ப்ரோ ஆக்கிக் காசு வாங்க என்ன வழி?

வைகை_டெவ்:

க்ரோம் ஸ்டோரில் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்று ஃப்ரீயாக ஓடுகிறது. வெப் பக்கத்தில் இருக்கும் டேபிளை ஒரே க்ளிக்கில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) ஆக்கித் தரும், அவ்வளவுதான். பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். எக்ஸெல் ஃபைலாகவே வேண்டும், பத்துப் பக்கமாக உடைந்திருக்கும் டேபிளை ஒன்றாகச் சேர்த்துத் தர வேண்டும் என்று ரிவ்யூவில் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் மட்டும் ப்ரோ என்று விற்கலாம் என்று யோசனை.

இந்தியாவில் இருந்துகொண்டு டாலரில் எப்படி வாங்குவது? லைசென்ஸை எங்கே சரிபார்ப்பது, க்ராக் பண்ணிவிட மாட்டார்களா? பல பக்கம் படிக்க எல்லாத் தளங்களுக்குமான பெர்மிஷன் கேட்க வேண்டிவருமா? மாதச் சந்தாவா, ஒரே தடவையா?

செமிகோலன்:

ஸ்டோருக்குள்ளயே காசு வாங்குற வசதி இப்ப கிடையாது. 2020 செப்டம்பர்ல அறிவிச்சு, 2021 பிப்ரவரி 1-ஓட மூடிட்டாங்க. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு டேஷ்போர்டுல தேடிக்கிட்டு இருக்காதீங்க. பேமென்ட் பக்கம் வெளியில, காசு கட்டினதும் வர்ற லைசென்ஸ் கீயைப் போடுற இடம் எக்ஸ்டென்ஷனுக்குள்ள. அதான் வழி.

ஸ்ட்ரைப்ங்கிற பேமென்ட் கம்பெனி இந்தியாவுல 2024-லேர்ந்து அழைப்பு இருந்தாத்தான் புதுக் கணக்கு தருது. அதனால ஸ்ட்ரைப் மேல ஓடுற எக்ஸ்டென்ஷன்பே மாதிரி சேவைகளும் நமக்குச் சுலபமில்ல. ‘மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்ட்’ கம்பெனிதான் சரிப்படும்: பேடில், லெமன் ஸ்க்வீஸி, கம்ரோட். விற்பனை அவங்க பேர்ல நடக்கும். ஐரோப்பிய வாட், அமெரிக்க சேல்ஸ் டாக்ஸ் எல்லாம் அவங்க தலைவலி. பேடில், லெமன் ஸ்க்வீஸி ரெண்டுலயும் அடிப்படைக் கட்டணம் 5 சதவீதம் + 50 சென்ட். கம்ரோட்ல 10 சதவீதம் + 50 சென்ட்.

அந்த 50 சென்ட்தான் விலையைத் தீர்மானிக்கும். மாசம் 3 டாலர்னு வச்சா ஒவ்வொரு தடவையும் 65 சென்ட் போகும், அதாவது 20 சதவீதத்துக்கு மேல. வருஷம் 19 டாலர்னா 1.45 டாலர், 8 சதவீதம்கூட இல்ல. டேபிள் எக்ஸ்போர்ட்டை ஜனங்க எப்பவாவதுதான் தொடுவாங்க. மாசச் சந்தா எடுத்தாலும் அந்த மாசமே நிறுத்திடுவாங்க. என் ஓட்டு வருஷச் சந்தா, இல்லன்னா ஒரே தடவை 20 டாலர் பக்கம்.

இப்ப லைசென்ஸ். இங்க ஒரு பொறி இருக்கு. லைசென்ஸ் ஏபிஐயை (கீ செல்லுமான்னு விற்பனைக் கம்பெனியோட சர்வர்கிட்ட கேக்குற வழி) நேரா கூப்பிடணும்னு அந்த முகவரியை ஹோஸ்ட் பெர்மிஷன்ல (எந்தெந்தத் தளத்தைத் தொடலாம்ங்கிற அனுமதி) சேர்த்து அப்டேட் விட்டீங்கன்னா, க்ரோம் அதைப் புது எச்சரிக்கையாப் பார்க்கும். பயன்படுத்துறவர் ஒத்துக்குற வரைக்கும் எக்ஸ்டென்ஷன் முடங்கிடும், அதுவும் காசு கட்டாத பழைய ஆள்கள் உட்பட எல்லாருக்கும். பாதிப் பேர் அந்த அறிவிப்பைப் பார்க்கவே மாட்டாங்க. அதுக்குப் பதிலா நடுவுல ஒரு க்ளவுட்ஃப்ளேர் வொர்க்கர் (க்ளவுட்ஃப்ளேர் கம்பெனி சர்வர்ல ஓடுற சின்ன ப்ரோக்ராம்) வைங்க. கீயை வாங்கி, ஏபிஐகிட்ட கேட்டு, சிஓஆர்எஸ் ஹெடரோட (வேற இடத்துலேர்ந்து கேட்டாலும் பதிலைப் படிக்க விடுன்னு பிரௌசருக்குச் சொல்ற குறிப்பு) பதில் சொல்லணும், அவ்வளவுதான் அதுக்கு வேலை. ஹெடர் சரியா இருந்தா ஹோஸ்ட் பெர்மிஷனே தேவையில்ல. இலவசத் திட்டத்துல ஒரு நாளைக்கு 1 லட்சம் கோரிக்கை வரை போகும், தாராளம்.

கீயை சிங்க் ஸ்டோரேஜ்ல (பயனரோட கூகுள் கணக்கோட சேர்ந்து போறது) வைங்க, கடைசியாச் சரிபார்த்த தேதியை லோக்கல்ல (அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கிறது) வைங்க. எல்லாத்தையும் லோக்கல்ல போட்டா, எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டுத் திரும்பப் போடுறவருக்குக் கீ காணாமப் போகும், ஒரு ஆக்டிவேஷனும் (ஒரு கீயை எத்தனை தடவை இயக்கலாம்ங்கிற கணக்குல ஒண்ணு) வீணாகும். அதனால ஆக்டிவேஷன் வரம்பு 1-னு வைக்காதீங்க, 5 வைங்க. இல்லன்னா சப்போர்ட் மெயில்லயே காலம் ஓடிடும். வாரம் ஒரு தடவை சரிபார்த்தாப் போதும். நெட் இல்லன்னா உடனே பூட்டாதீங்க, 14 நாள் விட்டுப்பிடிங்க. கம்ரோட் எடுத்தீங்கன்னா கவனம்: அதோட சரிபார்ப்பு ஏபிஐ ஒவ்வொரு அழைப்புக்கும் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போகும். வாராந்திரச் சோதனையில அந்த ஏத்தம் வேண்டாம்னு ‘ஃபால்ஸ்’ அனுப்பணும். பதில்ல ரீஃபண்ட், சார்ஜ்பேக் (வங்கி மூலமாப் பணத்தைத் திரும்ப எடுக்கிறது) ஆயிருக்கான்னும் பாருங்க.

க்ராக் பண்ணுவாங்களான்னா, பண்ணலாம். கோட் முழுக்க அவங்க கம்ப்யூட்டர்லதான் கிடக்கு. அதைத் தடுக்க மெனக்கெடுறது தண்டம். 20 டாலர் மிச்சம் பிடிக்கச் சோர்ஸைத் திருத்துற ஆள் எப்படியும் உங்க வாடிக்கையாளர் இல்ல.

சோதனைச்சாவடி:

பெர்மிஷன் கேள்விக்கு வருகிறேன். எல்லாத் தளங்களுக்குமான அனுமதி வேண்டாம். ‘ஆக்டிவ்டேப்’ (திறந்திருக்கும் டேபை மட்டும் தொட), ‘ஸ்க்ரிப்டிங்’ (பக்கத்தில் கோட் ஓட்ட), ‘ஸ்டோரேஜ்’ (தகவல் சேமிக்க) மூன்றும் போதும். இந்த மூன்றுமே நிறுவும்போது எச்சரிக்கை காட்டுவதில்லை. ஐகானை அழுத்தியதும் ஆக்டிவ்டேப் தரும் அனுமதி, அந்த டேப் அதே தளத்துக்குள் நகரும்வரை நீடிக்கும். ஆகவே ‘அடுத்து’ பட்டனை அழுத்திப் பக்கம் மாறினாலும் அனுமதி போகாது. ஆனால் முன்பு செலுத்திய ஸ்க்ரிப்ட் பக்கத்தோடு போய்விடும்; ஒவ்வொரு பக்கமும் ஏறி முடிந்ததும் திரும்பச் செலுத்த வேண்டும். வேறு டொமைனில் இருந்து வரும் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) டேபிள் இருந்தால் மட்டும் இது எட்டாது. அதற்கு விருப்ப ஹோஸ்ட் பெர்மிஷன் வைத்து, பட்டனை அழுத்தும் அந்தக் கணத்திலேயே கேளுங்கள். இடையில் லைசென்ஸ் சோதனைக்கு ஒரு ‘அவெய்ட்’ (பதில் வரும்வரை காத்திரு என்ற கட்டளை) போட்டுவிட்டுக் கேட்டால், பயனரின் க்ளிக்கில் இருந்து வந்த கோரிக்கை இல்லை என்று பிரௌசர் மறுக்கக்கூடும். ஃபயர்ஃபாக்ஸ் இதில் இன்னும் கறார்.

பக்கங்களைச் சேர்க்கும்போது வரிசைகளை க்ளோபல் வேரியபிளில் குவிக்காதீர்கள். மேனிஃபெஸ்ட் வி3-இல் (க்ரோம் எக்ஸ்டென்ஷன்களின் இப்போதைய வடிவம்) பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் 30 விநாடி சும்மா இருந்தால் நிறுத்தப்படும். மெதுவான தளத்தில் ஏழாம் பக்கத்துக்குக் காத்திருக்கும்போது முதல் ஆறும் போய்விடும். செஷன் ஸ்டோரேஜில் (பிரௌசரை மூடும்வரை இருப்பது) எழுதுங்கள், 10 எம்பி வரை கொள்ளும். சிங்க் ஸ்டோரேஜில் இதைப் போடவே கூடாது: ஒரு ஐட்டத்துக்கு 8 கேபி, மொத்தம் 100 கேபிதான் இடம்.

எக்ஸெல் ஃபைல் எழுதும் லைப்ரரியை சிடிஎன்-இல் (வெளி சர்வரில்) இருந்து இழுக்காமல் பேக்கேஜுக்குள்ளேயே வையுங்கள். வெளியில் இருந்து கோட் வந்தால் ரிவ்யூவில் ‘ப்ளூ ஆர்கான்’ என்ற குறியோடு திரும்பி வரும். கோட்டில் பயன்படுத்தாத பெர்மிஷன் மேனிஃபெஸ்டில் (எக்ஸ்டென்ஷனின் அமைப்பு ஃபைல்) இருந்தால் ‘பர்ப்பிள் பொட்டாசியம்’. க்ராக்குக்குப் பயந்து கோட்டைக் குழப்பி வைத்தால் ‘ரெட் டைட்டானியம்’. மினிஃபை செய்வது (இடைவெளி நீக்கிச் சுருக்குவது) மட்டும் சரி. ஸ்டோருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பெர்மிஷனுக்கும் ஏன் வேண்டும் என்று எழுதும் பெட்டியில் ‘செயல்பாட்டுக்குத் தேவை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த பட்டனை அழுத்தினால் அது பயன்படுகிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள். ரிவ்யூ செய்பவர் ப்ரோ பகுதியைத் திறந்து பார்க்க ஒரு டெஸ்ட் கீயும் கொடுங்கள். திறக்க முடியாவிட்டால் ‘வேலை செய்யவில்லை’ என்று நிராகரிக்க வாய்ப்புண்டு.

ரீஃபண்ட் பெரும்பாலும் வரப்போவது ஒரே இடத்தில் இருந்து. இப்போது பல தளங்கள் திரையில் தெரியும் வரிசைகளை மட்டுமே பக்கத்தில் வைத்திருக்கும். ஸ்க்ரோல் செய்யச் செய்யப் பழையதை அழித்துப் புதியதை வரையும். பயனர் 2,000 வரிசை இருப்பதாக நினைப்பார், ஃபைலில் 40 இருக்கும். விற்கும் முன் இலவச ப்ரிவ்யூவில் ‘40 வரிசைகள் கிடைத்தன’ என்று எண்ணைக் காட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

வைகை_டெவ்:

மிக்க நன்றி இருவருக்கும். ஹோஸ்ட் பெர்மிஷன் விஷயம் தெரியாமல் அப்படியே அப்டேட் விட இருந்தேன். சிஎஸ்வி இலவசமாகவே இருக்கும்போது எக்ஸெல் ஃபைலுக்கு யாராவது காசு தருவார்களா? வருமானம் வந்தால் ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

செமிகோலன்:

தருவாங்க. சிஎஸ்வியை எக்ஸெல்ல டபுள் க்ளிக் பண்ணித் திறந்து பாருங்க. 0-ல தொடங்குற எண்ல முதல் சுழி போயிடும். 16 இலக்க எண்ணோட கடைசி இலக்கம் சுழியாயிடும், ஏன்னா எக்ஸெல் 15 இலக்கம்தான் வச்சுக்கும். பார்ட் நம்பர், கணக்கு நம்பர் எடுக்குற அலுவலக ஆளுக்கு இது பெரிய தொல்லை. எக்ஸெல் ஃபைல்னா அந்த செல்லை டெக்ஸ்ட்னு குறிச்சே எழுதலாம். ஸ்டோர் பக்கத்துல முதல் ஸ்க்ரீன்ஷாட்டே இதுவா இருக்கட்டும்: இடது பக்கம் கெட்டுப்போன எண், வலது பக்கம் சரியான எண். 1280×800 அளவு, மொத்தம் 5 வரைக்கும் போடலாம். ஆனா தமிழ், அரபி எழுத்து சிஎஸ்வியில குப்பையா வர்றதை மட்டும் இலவசத்துலயே சரிபண்ணிடுங்க. ஃபைல் தொடக்கத்துல யுடிஎஃப்-8 பிஓஎம் (எழுத்து வகையைச் சொல்ற குறி) சேர்த்தாப் போதும். அதுக்குக் காசு கேட்டா ஒரு ஸ்டார்தான் விழும்.

கணக்குப்பிள்ளை:

பொதுவாகச் சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை (சில சிறப்பு மாநிலங்களில் 10 லட்சம்). வரம்பைக் கணக்கிடும்போது ஏற்றுமதியும் சேரும் என்பதைக் கவனியுங்கள். பதிவு எடுத்துவிட்டால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி), அதாவது ஆர்எஃப்டி-11 படிவம், தாக்கல் செய்யுங்கள். அப்போது வெளிநாட்டு விற்பனைக்கு வரி கட்டாமலே பில் போடலாம். பணம் வரும்போது வங்கி பர்ப்பஸ் கோட் (பணம் எதற்கு வந்தது என்ற குறியீடு) கேட்கும். அந்நியச் செலாவணியாக வந்ததற்கான அட்வைஸை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள், பின்னால் கேட்டால் கிடைப்பது பெரும்பாடு.

இது தொழில் வருமானம். சம்பளத்தோடு சேர்த்து ஐடிஆர்-1 போட முடியாது. 3 அல்லது 4. எது என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். வேலையில் இருப்பவரானால் ஆஃபர் லெட்டரில் பக்கத்தொழில், அறிவுசார் சொத்து பற்றிய வரிகளை முதலில் படித்துவிடுங்கள்.

இன்னொன்று: காசு வாங்கத் தொடங்கினால் ஸ்டோர் டேஷ்போர்டில் ‘ட்ரேடர்’ (வணிகர்) என்று அறிவிக்க வேண்டிவரும். ஐரோப்பியச் சட்டத்துக்காக வந்தது. அதில் தரும் முகவரி பட்டியல் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டு முகவரியைப் போடுவதா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

சோதனைச்சாவடி:

பயனர் எண்ணிக்கை ஏறினால் இரண்டு வகை மெயில் வரும். ஒன்று, ‘எங்கள் எஸ்டிகே-வைச் (நாங்கள் தரும் கோட்) சேர்த்தால் பயனருக்கு இவ்வளவு’ என்றோ, மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றோ. தி கிரேட் சஸ்பெண்டர் (சும்மா கிடக்கும் டேப்களை நிறுத்திவைக்கும் எக்ஸ்டென்ஷன்) 2020-இல் கைமாறி, 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று கூகுள் நீக்கியது இப்படித்தான்.

இரண்டாவது இன்னும் ஆபத்து: ஸ்டோர் அனுப்பியது போலவே ‘விதிமீறல், எக்ஸ்டென்ஷன் நீக்கப்படும்’ என்று வரும். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனம் உட்படப் பலரது எக்ஸ்டென்ஷன்களில் இப்படித்தான் புகுந்தார்கள். அந்த மெயில் பாஸ்வேர்டைத் திருடவில்லை. ஒரு ஆப்புக்கு ஸ்டோர் அனுமதி தரச் சொல்லிக் கூகுளின் நிஜமான ஒப்புதல் பக்கத்தையே காட்டியது. அதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் பயனில்லாமல் போனது. ஸ்டோருக்கென்று வைத்திருக்கும் கூகுள் கணக்கை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், டேஷ்போர்டைத் தனியாகத் திறந்து, அங்கே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.