வெயில் வேலை, தேன் நிறச் சலம்: கிட்னி பழுதா?

நிலாவெளி வாசகர்:
கச்சான் வீசுற மாதங்களில மேசன் வேலை, கரைவலை வேலை செய்யிற ஆக்கள் நாளுக்கு 3 லீற்றர் தண்ணி குடிச்சும் சலம் ரெண்டு தரந்தான் போகுது. அதுவும் தேன் நிறம். குடிக்கிற தண்ணியை கிட்னி வெளியேத்துதில்லையா? எப்ப பயப்பட வேணும்?

உவர்மலை:
கிட்னி முழு மூச்சாக வேலை செய்வதால்தான் அப்படி. இரண்டு சிறுநீரகமும் நாளுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றன. அதில் 99 வீதம் இரத்தத்துக்கே திரும்புகிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான கலன்கோளத்தில் இரத்தக் கலங்களும் புரதமும் தடுக்கப்பட, நீர், உப்பு, குளுக்கோசு, யூரியா வடியும். அடுத்து வரும் குழாய்ப் பகுதி மூன்றில் இரண்டு பங்கு நீரையும் குளுக்கோசு முழுவதையும் உறிஞ்சிவிடும். மிச்ச நீரில் எவ்வளவை விடுவது என்பது ஏடிஎச் ஓமோனின் கையில். வியர்த்து இரத்தம் செறிந்ததும் அது கபச்சுரப்பியிலிருந்து வரும். உடனே சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களான சேர்க்கும் கான்கள் நீரை மீட்கும். சலம் குறைந்து கடுமையாகும். கடும் வெயிலில் மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை போகலாம், 3 லீற்றர் எங்கே காணும்? ஆனாலும் கழிவைக் கரைத்தனுப்ப நாளுக்கு அரை லீற்றர் சலமாவது வேணும். வேலை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை குடியுங்கள். இடையில் உப்புப் போட்ட கஞ்சியும் எடுங்கள். வெறும் தண்ணீரையே அளவுகடந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும்.

பாலையூற்று:
உடம்பு உளைவுக்குப் போடும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் பற்றியும் சொல்லவேணும். உடம்பில் நீர் குறைந்த நேரம் கலன்கோளத்துக்கு வரும் சிறு நாடியை விரித்து வைப்பது புரொஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பே ஆக்கும் பொருள். இந்தக் குளிசைகள் அதன் உற்பத்தியையே தடுக்கும். நாடி சுருங்கி வடிப்பு விழும். அந்த நாட்களில் அளவோடு பனடோல் எடுங்கள்.

கடுஞ்சலத்தில் கல்லும் படியும். 5 மில்லிமீற்றருக்குச் சிறியது பெரும்பாலும் தானே இறங்கும். பெரியது சிக்குவது அதிகம் சிறுநீர்க்குழாய் சலப்பைக்குள் நுழையும் ஒடுங்கிய இடத்தில். விலாவிலிருந்து கவட்டுக்கு இறங்கும் வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அல்லது சலம் கோலா நிறமானால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோலா நிறம் இரத்தமாகவோ, உடைந்த தசையின் நிறப்பொருளாகவோ இருக்கலாம்.

நிலாவெளி வாசகர்:
அப்ப தெளிவாப் போனால் கிட்னி நல்லம் எண்டு எடுக்கலாமோ?

உவர்மலை:
கூடாது. நிறத்தை வைத்து உடம்பின் நீரளவைத்தான் மதிக்கலாம். பழுதாகும் சிறுநீரகம் சலத்தைச் செறிவாக்கும் திறனை ஆரம்பத்திலேயே இழக்கலாம். வெயிலில் நின்றாலும் சலம் தெளிவாகப் போகும், இரவில் எழும்ப வைக்கும். பதவி ஸ்ரீபுரப் பக்கம் காணப்படும் காரணம் தெளியாத சிறுநீரக நோயில் தொடக்கத்தில் புரதம்கூடப் பெரிதாகக் கசியாது. அதனால் சலப் பரிசோதனையோடு, இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற தசைக் கழிவின் அளவையும் பாருங்கள். வடிக்கும் திறன் பாதி போகும்வரை கிரியேற்றினின் வழமைக்குள் நிற்கலாம் என்பதால், வயதும் ஆண் பெண் வேறுபாடும் சேர்த்துக் கணிக்கும் வடிப்பு வீதத்தை (eGFR) கேட்டு வாங்குங்கள். அது நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நின்றால் நாட்பட்ட நோய். முதல் நாள் வெயில் வேலையும் நிறைய இறைச்சியும் இல்லாமல் இரத்தம் கொடுங்கள். இரண்டுமே கிரியேற்றினினை உயர்த்திக் காட்டும்.